கேமராவுக்கு ஒரு கட்சி, விமர்சகருக்கு ஒரு கட்சி

கார் பந்தய ஒளிபரப்பில் ஓரவஞ்சனை நடக்கிறது என்று குரல் கொடுக்கிறார்கள் விமர்சகர்கள். அதில் உண்மை எவ்வளவு, அவர்களின் சொந்தப் பாசம் எவ்வளவு?

2022 அக்டோபர் 30. மெக்ஸிகோ சிட்டியில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஜெயிக்கிறார். ஒரே சீசனில் அது அவருக்கு 14-வது வெற்றி. ஷூமாக்கரும் வெட்டலும் வைத்திருந்த 13 வெற்றிகள் என்ற சாதனை உடைகிறது. ஃபார்முலா ஒன் வரலாற்றில் எழுதிவைக்க வேண்டிய நாள். ஆனால் அந்தப் பந்தயத்தைப் பிரிட்டனில் ஒளிபரப்பிய ஸ்கை ஸ்போர்ட்ஸிடம் சாதனையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய ரெட் புல் அணியில் வேறு யாரும் பேசவில்லை. ஸ்கையின் இத்தாலி, ஜெர்மனி சேனல்களுக்கும் அதே கதவடைப்புதான்.

காரணம், ஒரு வாரம் முன்பு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் சொல்லப்பட்ட ஒரு கருத்து. ஸ்கையின் பிட் லேன் நிருபர் டெட் கிராவிட்ஸ், பந்தயம் முடிந்ததும் தான் தனியாக வழங்கும் நிகழ்ச்சியில், 2021-ல் லூயிஸ் ஹாமில்டனின் பட்டம் பறிபோனது என்ற பொருளில் பேசினார். பறிபோனது என்றால், வாங்கியவர் அதைத் தகுதியோடு வாங்கவில்லை என்றுதானே அர்த்தம்? வாங்கியவர் வெர்ஸ்டாப்பன். தன்னைத் தொடர்ந்து அவமதிக்கிறார்கள் என்று சொல்லி அவர் ஒதுங்கிக்கொண்டார். புறக்கணிப்பு ஒரே பந்தயத்தோடு முடிந்தது. அது கிளப்பிய சண்டை இன்னும் முடியவில்லை.

அந்தச் சண்டையின் வேர் அபுதாபியில் இருக்கிறது. 2021 டிசம்பர் 12 அன்று இருவரும் தலா 369.5 புள்ளிகளோடு கடைசிப் பந்தயத்துக்கு வந்தார்கள். 58 சுற்றுகளில் 53-வது சுற்றில் நிக்கோலஸ் லத்திஃபியின் கார் சுவரில் மோத, எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் வந்தது. பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி, ஒரு சுற்று பின்தங்கியிருந்த கார்களில் ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே நின்ற ஐந்தை மட்டும் முன்னே போகவிட்டார். கடைசிச் சுற்றுக்குப் பந்தயம் மறுபடி திறக்கப்பட்டது. புது டயர் போட்டிருந்த வெர்ஸ்டாப்பன் முந்திப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். 2022 பிப்ரவரியில் மாசியின் பதவி போனது. மனிதத் தவறு நடந்தது, ஆனால் அவர் நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார் என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ அறிக்கை வெளியிட்டது. முடிவு மாறவில்லை.

அதற்குப் பிறகு பந்தய ஒளிபரப்பை விமர்சிப்பதே ஒரு தனி விளையாட்டாகிவிட்டது. வர்ணனையாளர் எந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் உயர்கிறது, எந்த மோதலை எத்தனை தடவை ரீப்ளே போடுகிறார்கள், எந்த டிரைவரின் ரேடியோவைக் கேட்க வைக்கிறார்கள் என்று கணக்கெடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்கை ஹாமில்டனின் ரசிகர் மன்றம் என்கிறது ஒரு தரப்பு. வெர்ஸ்டாப்பனின் முரட்டுத்தனத்தைத் திறமை என்று பூசி மெழுகுகிறார்கள் என்கிறது எதிர்த்தரப்பு. இருவர் காட்டும் ஆதாரமும் ஒரே ஒளிபரப்பு.

இரண்டு பேர் சொல்வதும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

ஒரே ஃபிலிம், இரண்டு ஆட்டங்கள்

இந்தக் கேள்விக்கு உளவியல் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடியது. 1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் அமெரிக்கக் கால்பந்து ஆடின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டோர்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் ஃபிலிமை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணியின் தவறுகளாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எண்ணினார்கள் பிரின்ஸ்டன் மாணவர்கள். ஃபிலிம் ஒன்றுதான். 1954-ல் வெளியான அந்த ஆய்வை இன்றும் உளவியல் வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள்.

ஊடகத்தை நேரடியாகத் தொட்டது 1985-ல் வந்த இன்னொரு ஆய்வு. 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள், செய்தி இஸ்ரேலுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். அரபு ஆதரவாளர்கள், இஸ்ரேலின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார்கள். இரு தரப்பும் பார்த்தது அதே செய்தித் துண்டுகள்தான். ஒரு விஷயத்தில் பற்று ஆழமாக ஆக, நடுவில் நிற்பவரும் எதிரியாகத் தெரிவார் என்பதுதான் அதன் சாரம்.

இதை வைத்துக்கொண்டு விமர்சகர்களை எல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பார்ப்பவரின் கண்ணில் சாய்வு இருப்பதால் பார்க்கப்படும் பொருள் நேராக இருக்கிறது என்று ஆகிவிடாது. உண்மையான ஓரவஞ்சனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய, ஒளிபரப்பு எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

படம் ஓர் இடம், குரல் ஓர் இடம்

பெரும்பாலான விமர்சனங்கள் தடம் புரள்வது இங்கேதான். ஃபார்முலா ஒன் பந்தயத்தின் படத்தை ஸ்கை எடுப்பதில்லை. ஃபார்முலா ஒன் நிர்வாகமே உலகத்துக்கெல்லாம் ஒரே நேரலைப் படத்தைத் தயாரித்துத் தருகிறது. பந்தயத் திடலில் நிறுவும் தற்காலிகக் கூடத்துக்கும் இங்கிலாந்தின் பிகின் ஹில் மையத்துக்கும் இடையே இந்த வேலை பிரிந்து நடக்கிறது. எந்தக் கார், எந்த ரீப்ளே, எந்த ரேடியோத் துண்டு என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. சென்னையில் பார்த்தாலும் சாவ் பாலோவில் பார்த்தாலும் பந்தயத்தின் படம் அதுதான். அதன்மேல் ஒவ்வொரு நாட்டு சேனலும் தன் குரலை ஏற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு முந்தல் காட்டப்படாமல் போனதற்கு வர்ணனையாளரைத் திட்டுவது, சாம்பாரில் உப்பில்லை என்று பரிமாறுபவரிடம் சண்டை போடுவதைப் போன்றது.

படத்தின் மீதான புகார்களிலும் தரம் பிரிக்க வேண்டியிருக்கிறது. 2015-ல் ஜப்பானின் சுஸுகாவில் ஹாமில்டன் முன்னிலையில் ஓடி ஜெயித்தார். ஆனால் நேரலையில் மெர்சிடீஸ் கார்கள் தலைகாட்டியதே அபூர்வம். இதை நிர்வாகத் தலைவர் பெர்னி எக்ளெஸ்டோனிடம் கேட்கப்போவதாக அந்த அணியின் நிக்கி லாவ்டா சொன்னார். ரெட் புல்லுக்கு எஞ்சின் தர மெர்சிடீஸ் மறுத்ததற்கான தண்டனை என்று உடனே ஒரு கதை கிளம்பியது. சாதாரணக் காரணமும் ஒன்று கைவசம் இருந்தது. தனியாக முன்னே போகும் காரில் பார்க்க ஒன்றுமில்லை. சண்டை பின்னால் நடக்கிறது. சதி என்று சொன்னவர்கள் இந்த இரண்டில் எது சரி என்று பிரித்துப் பார்க்க எந்தச் சோதனையும் வைக்கவில்லை.

2021 மொனாக்கோ வேறு ரகம். பிட்டிலிருந்து வெளியே வந்த வெட்டலும் பியர் காஸ்லியும் மேட்டுச் சாலையில் தோளோடு தோள் உரசி ஏறினார்கள். முந்துவதற்கு இடமே இல்லாத அந்த ஊரில் அன்றைய நாளின் சிறந்த காட்சி அது. அதே நொடியில் படம் லான்ஸ் ஸ்ட்ரோல் எப்போதோ தடுப்பை உரசிய ரீப்ளேவுக்குத் தாவியது. உலகமே தலையில் அடித்துக்கொண்டது. மற்ற ஊர்களில் நிர்வாகமே படமெடுத்துக்கொண்டிருந்தபோது மொனாக்கோவில் மட்டும் உள்ளூர்க் குழு அந்தப் பொறுப்பை வைத்திருந்தது. 2022-ல் புதிய ஒப்பந்தம் போடும்போது அந்த உரிமை போனது. 2023 முதல் அங்கேயும் நிர்வாகத்தின் குழுதான்.

சிங்கப்பூர், 2025 அக்டோபர். 18-வது இடத்தில் தொடங்கிய கார்லோஸ் சைன்ஸ் 10-வதாக முடித்தார். கடைசிச் சுற்றுகளில் தான் முந்தியவை திரையில் வரவில்லை, டிரைவர்களின் காதலிகளையும் பிரபலங்களையும் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சைன்ஸுக்கு இதில் சொந்த நலன் இல்லாமல் இல்லை. திரையில் வரும் ஒவ்வொரு நொடியும் அவருடைய ஸ்பான்சருக்குக் காசு. ஆனாலும் அவர் புகார் வலுவானது. எந்தப் பந்தயம், எந்தக் கட்டம், எது விடுபட்டது, அதற்குப் பதில் எது வந்தது என்று எல்லாமே அதில் இருந்தது. யார் வேண்டுமானாலும் பதிவை ஓட்டிச் சரிபார்க்கலாம். சொன்னவரின் சாய்வு அந்தப் புகாரைப் பொய்யாக்கவில்லை.

குரலுக்கு ஊர் உண்டு

வர்ணனை என்று வந்தால், சாய்வு இல்லாத நாடு கிடையாது. பிரேசிலின் குளோபோ தொலைக்காட்சியில் கல்வாவோ புவேனோ, அந்நாட்டு டிரைவர் செனாவின் நெருங்கிய நண்பராக இருந்துகொண்டே அவருடைய வெற்றிகளை வர்ணித்தார். நெதர்லாந்தில் ஓலாவ் மோல் வெர்ஸ்டாப்பனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். ஸ்பெயினில் அலோன்சோவின் பட்டங்களும் அன்டோனியோ லோபாட்டோவின் குரலும் பிரிக்க முடியாதவை. இவர்கள்மீது உலகளாவிய புகார் எழுவதில்லை. போர்ச்சுகீஸ், டச்சு, ஸ்பானிஷ் மொழிகள் அந்தந்த வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

ஸ்கையின் சிக்கல் அதன் மொழி. பிரிட்டன் சந்தாதாரருக்காகப் பேசும் குரல் ஆங்கிலத்தில் இருப்பதால் எல்லை தாண்டிப் போகிறது. 2018 முதல் 2025 வரை அமெரிக்க ரசிகர்கள் ஈஎஸ்பிஎன்னில் கேட்டதும் ஸ்கை குழுவைத்தான். வீட்டுக்குள் செல்லம் கொஞ்சுவது வேறு; அதையே ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் போட்டால் பக்கத்துத் தெருக்காரர் முகம் சுளிக்கத்தான் செய்வார். 2024 நவம்பரில் சாவ் பாலோவில் 17-வது இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்த வெர்ஸ்டாப்பன், செய்தியாளர் சந்திப்பில் பிரிட்டிஷ் பத்திரிகையாளர்கள் ஒருவரையும் காணோமே என்று குத்திக்காட்டினார்.

ஆனால் எல்லாச் சாய்வையும் பாஸ்போர்ட்டில் அடைத்துவிட முடியாது. 1976 சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட், 1980 முதல் 1993-ல் இறக்கும்வரை பிபிசியில் மர்ரே வாக்கரோடு வர்ணனை செய்தார். ரிக்கார்டோ பட்ரேஸியை அவர் வாய்க்கு வந்தபடி சாடுவார். 1978 மோன்ஸாவில் ரோனி பீட்டர்சன் இறப்பதற்குக் காரணமான விபத்துக்குப் பட்ரேஸியே பொறுப்பு என்று ஹன்ட் நம்பினார். இத்தாலிய நீதிமன்றம் பட்ரேஸியை விடுவித்த பிறகும் அவர் மனம் மாறவில்லை. அது தேசப்பற்றல்ல, தனிப்பட்ட காயம். வெறும் கொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும் விமர்சகருக்கு இந்தச் சாய்வு கண்ணில் படாது.

நம்ம ஊர் டிரைவர் மோதினால்?

வெளிநாட்டுக்காரர்கள் சண்டையை வேடிக்கை பார்க்கும் நமக்கு இதில் பங்கில்லை என்று நினைத்தால், 2012 மார்ச் 25-க்குப் போக வேண்டும். மலேசியாவின் செபாங். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஹெச்ஆர்டி காரில் கடைசி வரிசையில் ஓடிக்கொண்டிருந்தார். நான்காவது இடத்தில் இருந்த உலகச் சாம்பியன் வெட்டல் அவரைச் சுற்று தாண்டிப் போகும்போது இரண்டு கார்களும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. அவர் 11-வதாக முடித்தார், புள்ளி இல்லை. பந்தயத்துக்குப் பிறகு நரேனைக் கடுமையான வார்த்தைகளால் ஏசினார். பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை போட்டார்கள்.

அதே பந்தயத்தில் இன்னொரு மோதலும் நடந்தது. ஜென்சன் பட்டன் நரேனின் காரில் இடித்து முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

இந்த இரண்டு காட்சிகளையும் வெட்டலின் சொந்த ஊரான ஹெப்பன்ஹைமில் ஒருவரும் கோவையில் ஒருவரும் பார்த்தால், யாருக்கு எது நினைவில் நிற்கும்? வெட்டல் திட்டியதை இன்றும் மன்னிக்காத நம்மூர் ரசிகர்களில் பலருக்கு ஸ்டீவர்டுகள் கொடுத்த தண்டனை மறந்துபோயிருக்கும். முதல் இந்திய ஃபார்முலா ஒன் டிரைவர் என்ற பெருமிதம் செய்கிற வேலை அது. ஸ்கை வர்ணனைக் குழுவில் இன்று நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் இருக்கிறார். அவர் பகுப்பாய்வைப் பாராட்டும்போது அது பகுப்பாய்வுக்கான பாராட்டா, சென்னைக்கான பாராட்டா என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

குரலை விட்டு, கணக்கைப் பாருங்கள்

வர்ணனையாளரின் உற்சாகத்தை அளப்பதில் விமர்சகர்கள் செலவிடும் நேரத்தில் பாதியை, யாருக்கு எங்கே பங்கு இருக்கிறது என்று பார்ப்பதில் செலவிட்டிருந்தால் அதிகம் கிடைத்திருக்கும்.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் இது திறந்த ரகசியம். நான்கு முறை சாம்பியனான ஜெஃப் கார்டன் 2016 முதல் 2021 வரை ஃபாக்ஸ் சேனலில் வர்ணனை செய்தார். அந்தக் காலம் முழுவதும் ஹென்ட்ரிக் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணியில் அவருக்குப் பங்கு இருந்தது. அதாவது, தான் பங்குதாரராக உள்ள கார்களைப் பற்றி அவரே பேசினார். அதே ஃபாக்ஸில் டாரல் வால்ட்ரிப், 2001 டேடோனா 500-ன் கடைசிச் சுற்றில் தன் தம்பி மைக்கேலை ஜெயிக்கச் சொல்லி நேரலையிலேயே உருகினார். 462 பந்தயங்கள் ஜெயிக்காமல் ஓடிய தம்பியின் முதல் வெற்றி அது. அதே சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் விபத்தில் இறந்தார். பாசம் காட்டிய அண்ணனை யாரும் தவறாக நினைக்கவில்லை; அவர் தன் சார்பை எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டார். பங்கு என்பது அப்படிக் குரலில் கேட்பதில்லை.

பிரிட்டனில் சேனல் 4-ன் முகமாக இருக்கும் டேவிட் கோல்ட்ஹார்ட், அந்த நிகழ்ச்சியைத் தயாரிக்கும் விஸ்பர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். முன்னாள் ரெட் புல் டிரைவர். பிறகு ரெட் புல்லின் தூதராகவும் இருந்தார். இதை அவர் மறைத்ததில்லை. பார்வையாளர் அதை மனத்தில் வைத்துக் கேட்டால் போதும்.

எல்லாவற்றிலும் தெளிவான உதாரணம் ஜானி ஹெர்பர்ட். தண்டனை விதிக்கும் ஸ்டீவர்டாகவும், ஊடகங்களில் டிரைவர்களை விமர்சிப்பவராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். 2024 மெக்ஸிகோவில் வெர்ஸ்டாப்பனுக்கு இரண்டு 10 விநாடி தண்டனைகள் விழுந்தபோது ஸ்டீவர்டுகள் குழுவில் அவரும் ஒருவர். அதன் பிறகு வெர்ஸ்டாப்பனின் ஓட்டத்தை வெளியிலும் குறை சொன்னார். 2025 ஜனவரியில், இரண்டு வேலைகளும் ஒத்துப்போகாது என்று சொல்லி எஃப்ஐஏ அவரை விடுவித்தது. அந்தத் தண்டனைகள் சரியா தவறா என்ற விவாதத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. ஒரே ஆள் நீதிபதியாகவும் விமர்சகராகவும் இருக்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

அவசரத்துக்கு யார் விலை கொடுத்தார்?

தப்பான சந்தேகம் சும்மா போவதில்லை. 2025 நவம்பர் 30, கத்தார். கடைசிக்கு முந்தைய சுற்றில் மெர்சிடீஸின் இளம் டிரைவர் கிமி அன்டோனெல்லி சறுக்கி அகல, லாண்டோ நோரிஸ் அவரைத் தாண்டி நான்காவது இடத்துக்கு வந்தார். அன்டோனெல்லி வேண்டுமென்றே ஒதுங்கி வழிவிட்டதைப் போலத் தெரிகிறது என்று வெர்ஸ்டாப்பனின் பொறியாளர் ரேடியோவில் சொன்னார். அது நேரலையில் போனது. ரெட் புல் ஆலோசகர் ஹெல்முட் மார்கோவும் அதே குற்றச்சாட்டை வைத்தார். மறுநாள், ரீப்ளே காட்டுவது கட்டுப்பாடு இழந்த சறுக்கலைத்தான், நாங்கள் சொன்னது தவறு என்று ரெட் புல் அறிக்கை விட்டது. அதற்குள் கொலை மிரட்டல் உட்பட 1,100-க்கும் மேற்பட்ட மோசமான செய்திகள் அன்டோனெல்லியின் கணக்குகளில் குவிந்திருந்தன. நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் வித்தியாசம் 2 புள்ளி. அடுத்த வாரம் நோரிஸ் பட்டம் வென்றதும் அதே 2 புள்ளியில்தான். சந்தேகத்துக்கு அதைவிடச் செழிப்பான நிலம் கிடைக்காது. 2021 அபுதாபிக்குப் பிறகு லத்திஃபிக்கு வந்ததும் இதே மாதிரி மிரட்டல்கள். அவர் செய்த குற்றம், சுவரில் மோதியது.

விமர்சனத்துக்கு மூன்று கேள்விகள்

ஒளிபரப்பு ஒருதலைப்பட்சம் என்று ஒருவர் சொன்னால், அவர் தீவிர ரசிகரா நடுநிலையாளரா என்று ஆராய்ந்து பயனில்லை. நடுநிலையான ரசிகர் என்று ஒருவர் கிடைப்பதே கடினம். அவர் வாதத்தைச் சோதிக்கலாம்.

ஒன்று, பெயரை மாற்றிப் பார்க்க வேண்டும். 2021 சில்வர்ஸ்டோனில் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் காப்ஸ் வளைவில் மோதினார்கள். வெர்ஸ்டாப்பன் 51 ஜி விசையோடு தடுப்பில் போய் மோதினார். ஹாமில்டன் 10 விநாடி தண்டனையோடு ஜெயித்தார். பெயர்களை இடம் மாற்றினாலும் விமர்சகர் அதே தீர்ப்பைச் சொல்வாரா?

இரண்டு, எண்ணிக்கை முழுமையா? ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்துக் காட்டுவது எளிது. அந்தப் பந்தயம் முழுவதிலும் மற்ற டிரைவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கணக்கு.

மூன்று, படமா, குரலா, பங்கா? முடிவெடுத்தவர் யார் என்று தெரியாத புகார் காற்றில் வீசிய கல்தான்.

தேர்வு நம் கையில் வந்த பிறகு

இந்தச் சண்டையின் வடிவமே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2018-ல் தொடங்கிய எஃப்1 டிவி சேவையில், ரசிகர் தனக்குப் பிடித்த டிரைவரின் காரிலுள்ள கேமராவை மட்டும் பார்க்கலாம். அவருடைய ரேடியோவை மட்டும் கேட்கலாம். இந்தியாவுக்கு அது 2023-ல் வந்தது. யாரைக் காட்டவில்லை என்று இயக்குநரைக் குறை சொல்லும் காரணம் இதனால் பாதி போய்விட்டது. கூடவே புது ஆபத்தும் வந்திருக்கிறது. ஒரே காருக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒரே பொறியாளரின் கோபத்தைக் கேட்டு எழுந்து வருபவருக்கு, மற்ற டிரைவர்கள் எல்லோரும் வில்லன்களாகத் தெரிவதில் வியப்பில்லை. முன்பு ஓர் இயக்குநரிடம் இருந்த சாய்வு இப்போது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அதை யாரும் விமர்சிக்கவும் மாட்டார்கள்.

ஆனால் அதே கருவிதான் மருந்தும். எல்லாக் கார்களின் பதிவும் கிடைக்கும்போது, தன் டிரைவருக்கு அநியாயம் நடந்தது என்று சொல்பவர் எதிராளியின் காரில் ஏறி அதே வளைவை ஒரு முறை பார்க்க முடியும். பார்த்த பிறகும் தன் கருத்தில் நின்றால், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். பார்க்காமலே தீர்ப்பெழுதுபவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தச் சுற்று, எந்த விநாடி?